தோட்டத்தை வெட்டும் முன் நீர்நாயைத் தேடுங்கள்: கணக்கெடுப்பு முதல் காவல் வரை முழுமையான வழிகாட்டி

எங்கள் ஊர் கோலா சிலாங்கூர் மாவட்டத்தில் ஒரு தோட்டப் பட்டணம். ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு மாரியம்மன் கோயில், நாலு வரிசைக் கடை, சுற்றிலும் செம்பனை. தோட்டத்துத் தண்ணீரெல்லாம் ஒரு பெரிய கால்வாயில் சேர்ந்து சிலாங்கூர் ஆற்றுக்குப் போகும். நாங்கள் அதைப் பாரிட் என்போம். நான் சிறுவனாக இருந்தபோதே அந்தப் பாரிட்டில் நீர்நாய்கள் உண்டு.

நான்கு வருடங்களுக்கு முன்பு பக்கத்துத் தோட்டத்தில் ஒரு துண்டு தாமான், அதாவது வீட்டுக் குடியிருப்பு, கட்டக் கைமாறியது. ஒரு திங்கட்கிழமை காலை இரண்டு எக்ஸ்கவேட்டர்கள் வந்தன. மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் பாரிட்டின் இரண்டு கரையும் மழமழவென்று வழிக்கப்பட்டுவிட்டது. அந்தக் கரையில் ஒரு குடும்பம் வளை போட்டிருந்தது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு ஓடினோம். கவுண்டரில் இருந்தவர் மரியாதையாகத்தான் கேட்டார்: "ரெக்கார்டு ஏதாவது இருக்கா?" தேதி இல்லை, படம் இல்லை, இடக்குறிப்பு இல்லை. எங்களிடம் இருந்ததெல்லாம் ஞாபகம்.

அதற்குப் பிறகு நானும் ஊரில் ஐந்தாறு பேரும் முறையாகக் குறிப்பெடுக்கக் கற்றுக்கொண்டோம். தோட்டம் விற்பனைக்கு வருகிறது என்ற பேச்சு காதில் விழுந்த அன்றைக்கே எடுத்துச் செய்யும்படி அதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். இயந்திரம் வந்த பிறகு செய்யக்கூடியது மிகக் குறைவு. வருவதற்கு முன் செய்யக்கூடியது நிறைய.

முதலில்: எந்த நீர்நாய்?

மலேசியாவில் நான்கு இனங்கள் உண்டு. தோட்டப்புறத்தில் நம் கண்ணில் படுபவை பெரும்பாலும் இரண்டுதான்.

ஒன்று ஆற்று நீர்நாய். மலாயில் மெமெராங் லிச்சின். வளர்ந்தது 7 முதல் 11 கிலோ வரை இருக்கும். மயிர் குட்டையாக, வழுவழுவென்று இருக்கும். வால் நுனிப்பக்கம் தட்டையாகும். குடும்பமாகச் சேர்ந்து மீனை வளைத்துப் பிடிக்கும். ஆறு, சதுப்பு, மீன்குளம், ஈயம் தோண்டிய பழைய ஈயக் குட்டை எல்லாம் இதற்கு வீடுதான்.

இன்னொன்று காட்டு நீர்நாய், மெமெராங் கெச்சில். உலகத்து நீர்நாய்களிலேயே சிறியது. 5 கிலோவைத் தாண்டுவது அரிது. நகம் விரல் நுனியைத் தாண்டி வளராது. அதனால் கைவிரலை விட்டுச் சேற்றில் துழாவி நண்டும் நத்தையும் எடுத்துத் தின்னும். பேராக் கடலோர நெல் வயல்களில் இரண்டு இனமுமே பதிவாகியிருக்கின்றன. ஆகவே மனிதன் வெட்டிய வாய்க்காலில் நீர்நாய்க்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், அது வாழ்கிற இடமே பல ஊர்களில் வாய்க்கால்தான் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

மூன்றாவது, மூக்கின் மேல் மயிர் மூடிய இனம். மேலுதடு வெளுத்திருக்கும், கரிமண் சதுப்புக் காட்டைச் சார்ந்தது, நான்கிலும் மிக ஆபத்தான நிலையில் இருப்பது. உங்கள் தோட்டம் அப்படிப்பட்ட காட்டை ஒட்டியிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். நான்காவது யூரேசிய நீர்நாய். அது 2014-இல் சபாவில் கேமராவில் பதிவானது.

தீபகற்பத்தில் இவற்றுக்குக் காவல் 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 716. அதைச் செயல்படுத்துவது பெர்ஹிலித்தான், அதாவது வனவிலங்குத் துறை. ஆற்று நீர்நாயும் காட்டு நீர்நாயும் 2019-இல், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலுக்கு உயர்த்தப்பட்டன. செல்லப்பிராணியாக வளர்க்கக் குட்டிகளைப் பிடித்து விற்கும் வியாபாரம்தான் முக்கியக் காரணம். இதை மனதில் வையுங்கள். பின்னால் வளையைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

படி 1: நிலம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

தோட்டம் ஒரே நாளில் தாமான் ஆவதில்லை. 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்றவோ துண்டு போடவோ தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவின்படி தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக்க நில அலுவலகத்தில் விண்ணப்பம். அதன் பிறகு ஊராட்சி மன்றத்தில் திட்ட அனுமதி, கெபெனாரான் மெரன்சாங். பெரிய திட்டமென்றால் சுற்றுச்சூழல் துறையிடம் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு, சுருக்கமாக இஐஏ. இத்தனை வாசல் இருக்கின்றன. எந்த வாசலில் கோப்பு நிற்கிறது என்று தெரிந்தால்தான் யாரிடம் பேசுவதென்று தெரியும்.

2015-ஆம் ஆண்டு இஐஏ ஆணையில் திட்டங்கள் இரண்டு அட்டவணையாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. இரண்டாம் அட்டவணையில் வருபவற்றின் அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். நாம் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். எல்லை அளவுக்குக் கீழே இருக்கும் சின்னத் திட்டங்களுக்கு இஐஏ தேவைப்படாது. தோட்டப் பட்டணங்களைச் சுற்றி நடப்பதில் பல அந்த மாதிரிதான். ஆகவே நம்முடைய கணக்கெடுப்பு அங்கேதான் அதிகம் தேவை. யாரும் கேட்காத இடத்தில் நாமாகக் கொண்டுபோய்க் கொடுக்கிற ஒரே தகவல் அதுவாக இருக்கும்.

படி 2: வரைபடத்தை எடுத்துக்கொண்டு ஆட்களிடம் போங்கள்

செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக அச்செடுங்கள். அதில் பாரிட், கிளை வாய்க்கால், மதகு, பாலம், குழாய்ப் பாலம், குளம், பழைய ஈயக் குட்டை, ஆற்றங்கரைப் புதர் எல்லாவற்றையும் பேனாவால் குறியுங்கள். தோட்டத்து அலுவலகத்தில் பழைய ஃபீல்டு மேப் கிடைத்தால் அது இன்னும் நல்லது; செம்பனை மட்டைக்குக் கீழே மறைந்து படத்தில் தெரியாத வாய்க்கால்கூட அதில் இருக்கும்.

பிறகு பேச்சு. இந்தப் படியை அவசரமாக முடிக்காதீர்கள். பாரிட் வெட்டுகிறவர், குலை வெட்டுகிறவர், இரவுக் காவலாளி, தூண்டில் போடுகிறவர், மீன்குளம் வைத்திருக்கிறவர், ஆற்றோரத்து ஓராங் அஸ்லி பழங்குடி மக்கள் ஆகியோருக்குத் தெரிந்ததில் கால்பங்குகூட எந்தக் கோப்பிலும் இருக்காது. இப்போது தோட்டத்தில் வேலை செய்கிறவர்களில் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர் நிறைய. அவர்களிடமும் மலாயில் கேளுங்கள்.

கேட்கும்போது படத்தை முதலில் காட்டாதீர்கள். படத்தைக் காட்டி "இதைப் பார்த்தீங்களா?" என்றால் மரியாதைக்காகவே ஆமாம் என்பார்கள். "தண்ணியில என்னென்ன பார்த்திருக்கீங்க?" என்று ஆரம்பியுங்கள். லயத்து வீட்டுக் கடைசியில் இருக்கும் ஒரு பெரியம்மா முப்பது வருடம் அந்தப் பாரிட் ஓரமாக மருந்தடித்தவர். அவர் சொன்னதை அப்படியே எழுதிவைத்திருக்கிறேன்: "தம்பி, அது நாயும் இல்ல, பூனையும் இல்ல. விடிகாலையில அஞ்சாறு ஒண்ணா வரும். குருவி மாதிரி கீச்சு கீச்சுன்னு கத்தும். மணல்ல புரண்டு புரண்டு ஒடம்பத் தொடச்சிக்கும். மழை பேஞ்சா மேட்டுப் பக்கம் போயிடும்." எத்தனை, எப்போது, என்ன சத்தம், எங்கே ஒதுங்கும் என்ற நான்கும் அதில் வந்துவிட்டன. அவர் கை காட்டிய மேட்டில்தான் பிறகு எங்களுக்கு வளை கிடைத்தது.

படி 3: கரையில் நடந்து தடயம் தேடுங்கள்

நீர்நாயை நேரில் பார்ப்பது அதிர்ஷ்டம். கணக்கெடுப்பு அதை நம்பி நடப்பதில்லை. எச்சம், காலடி, புரளும் இடம், வளை ஆகிய நான்கு தடயத்தையும் தேடுவதுதான் வேலை.

உலகெங்கும் நீர்நாய் ஆய்வாளர்கள் கையாளும் பழகிய அளவு 600 மீட்டர். நீர்க்கரையை அந்த நீளத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் நடந்து பார்த்து, தடயம் உண்டு அல்லது இல்லை என்று பதிய வேண்டும். முடிந்தால் இரு கரையும் நடங்கள். திட்ட எல்லையோடு நிறுத்திவிடாதீர்கள். மேலேயும் கீழேயும் குறைந்தது ஒரு துண்டாவது கூடுதலாகப் பாருங்கள். நீர்நாய்க் குடும்பம் கிலோமீட்டர் கணக்கில் கரையைப் பயன்படுத்தும். நிலத்தின் எல்லைக்கல் அதற்குத் தெரியாது.

பெருமழை பெய்த மறுநாள் போகாதீர்கள். எச்சமும் காலடியும் கரைந்து போயிருக்கும். இரண்டு மூன்று நாள் வெயில் கண்ட பிறகு, காலை நேரத்தில் போங்கள். மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களும் அக்டோபர், நவம்பரும் மழை மாதங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நடக்க வசதி. கடல் ஏற்றம் எட்டும் பாரிட்டாக இருந்தால் தண்ணீர் வடிந்த நேரத்தைப் பார்த்துப் போங்கள்.

ஆள் இரண்டுக்குக் குறையக் கூடாது. ரப்பர் பூட்ஸ், கையுறை, நோட்டுப் புத்தகம், ஒரு அடிஸ்கேல், இடக்குறிப்பு எடுக்கும் கைபேசி, குடிதண்ணீர் போதும். பாம்பு உண்டு, வழுக்கும் சேறு உண்டு. முதலை நடமாடும் கீழாற்றுப் பகுதியில் தண்ணீர் விளிம்பில் குந்தி உட்காரவே கூடாது. எலிக்காய்ச்சல் கிருமி வாய்க்கால் தண்ணீரில் இருக்கும். காலில் புண் இருந்தால் அன்று வீட்டில் இருங்கள். தோட்டத்துக்குள் நுழைய மேனேஜரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அத்துமீறி எடுத்த குறிப்பை யாரும் மதிக்க மாட்டார்கள்.

எங்கே பார்ப்பது? இரண்டு வாய்க்கால் சேரும் முனை, பாலத்துக்கு அடியில் இருக்கும் சிமெண்டுத் திட்டு, மதகின் மேடை, குழாய்ப் பாலத்தின் வாய், மணல் திட்டு, தண்ணீரை எட்டிப் பார்க்கும் மரவேர், குளக்கரையில் புல் குட்டையான இடம். தண்ணீரிலிருந்து எளிதாக ஏறி நாலு பக்கமும் பார்க்கக்கூடிய இடம் எதுவோ அங்கே நின்று பாருங்கள்.

எச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். புதியது கறுப்பும் பச்சையும் கலந்து, ஈரமாக, பளபளப்பாக இருக்கும். மீன் வாடை மூக்கில் ஏறும்; ஆனால் அழுகிய வாடை இருக்காது. குச்சியால் பிரித்தால் வெள்ளிச் செதில்கள் வெயிலில் மின்னும், முள் குத்தும். ஓரிரு நாளில் சாம்பல் நிறமாகிப் பொடியும். கடைசியில் எஞ்சுவது ஒரு கைப்பிடி வெளுத்த செதிலும் எலும்புத் துணுக்கும்தான். ஆற்று நீர்நாய்க் குடும்பம் ஒரே இடத்தில் சேர்ந்து கழிக்கும். அதனால் அது ஒரு பாய் விரித்த அளவுக்குப் பரவிக் கிடக்கும். பலநாள் பழையதும் இன்றையதும் கலந்திருக்கும். செதிலுக்குப் பதில் நண்டு ஓட்டுத் துண்டு நிறைந்திருந்தால் காட்டு நீர்நாயாக இருக்க வாய்ப்பு அதிகம். வெறுங்கையால் தொடாதீர்கள்.

ஏமாறக்கூடிய இடங்களும் உண்டு. மரநாயின் கழிவில் பழக்கொட்டையும் செம்பனை நாரும் இருக்கும். உடும்பின் கழிவோடு சுண்ணாம்பு போன்ற வெள்ளைக் கட்டி ஒட்டியிருக்கும். அதன் தடத்துக்கு நடுவே வால் இழுத்த கோடும் போகும். நாய்க்கும் பூனைக்கும் நான்கு விரல் பதியும், நீர்நாய்க்கு ஐந்து. ஈரச் சேற்றில் நன்றாக விழுந்த தடமென்றால் விரல்களுக்கு நடுவே சவ்வும் லேசாகத் தெரியும். தடத்தின் அகலம் 6 செ.மீ.க்கு மேல் இருந்தால் பொதுவாக ஆற்று நீர்நாய். 5 செ.மீ.க்குள் இருந்து நகக்குறியும் இல்லையென்றால் காட்டு நீர்நாய். குட்டியின் தடம் கணக்கைக் குழப்பும் என்பதால் ஒரே ஒரு தடத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து, நேர் மேலிருந்து படமெடுங்கள்.

புரளும் இடத்தில் மணல் அல்லது புல் அமுங்கி, துடைத்துவிட்டது போல இருக்கும். கரையிலிருந்து தண்ணீருக்குள் சறுக்கிய வழுக்குத் தடம் பக்கத்திலேயே கிடைக்கும்.

ஒருமுறை நடந்து ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் நீர்நாய் இல்லை என்று பொருளல்ல. அன்று கிடைக்கவில்லை என்பது மட்டுமே பொருள். மழைக்காலம், வறண்ட காலம் இரண்டிலும் திரும்பத் திரும்ப நடந்த பிறகே 'இல்லை' என்று எழுத வேண்டும். அதேபோல, இருபது எச்சம் கிடைத்தால் இருபது நீர்நாய் என்றும் ஆகாது. எண்ணிக்கை தெரிய வேண்டுமானால் கண்ணால் பார்க்க வேண்டும், அல்லது கேமரா வைக்க வேண்டும்.

படி 4: கேமரா

எச்சத் திட்டு கிடைத்துவிட்டால் அதற்கு எதிரே தானியங்கிக் கேமரா வையுங்கள். தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கும் கீழே, 30 முதல் 50 செ.மீ.க்குள், தண்ணீரிலிருந்து ஏறும் வழியைக் குறுக்காகப் பார்க்கும்படி. ஒற்றைப் படத்தைவிட இருபது முப்பது விநாடி வீடியோ நல்லது. கூட்டமாக வரும்போது அப்போதுதான் எண்ண முடியும். முன்னால் ஆடும் புல்லை மட்டும் வெட்டுங்கள், புதரை அழிக்காதீர்கள். மீனோ கருவாடோ வைத்து இழுக்காதீர்கள். மனித வாடையும் தீனியும் சேர்ந்து வந்தால் பயம் போய்விடும், பயம் போன நீர்நாய் பிடிபடும். குறைந்தது மூன்று நான்கு வாரம் விட்டு வையுங்கள். கரையோரம் வெள்ளம் ஏறும் உயரத்தை ஊர்க்காரரிடம் கேட்டுவிட்டுக் கட்டுங்கள். நாங்கள் கேட்காமல் கட்டி ஒரு கேமராவை ஆற்றுக்குக் கொடுத்தோம்.

படி 5: வளை கிடைத்தால்

கரைமேட்டில், வேருக்கு அடியில், அடர்ந்த புதருக்குள், சில சமயம் பாறை இடுக்கில் இருக்கும். வாயில் வழவழப்பாகத் தேய்ந்திருக்கும், பக்கத்தில் மீன் முள் கிடக்கும், உள்ளேயிருந்து மெல்லிய கீச்சொலி கேட்டால் குட்டி இருக்கிறது. அந்த நொடியே பின்வாங்குங்கள். குச்சி விடாதீர்கள், டார்ச் அடிக்காதீர்கள். தொந்தரவு பட்ட தாய் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு இடம் மாறும். மாறும் வழியில் நாய் இருக்கிறது, சாலை இருக்கிறது. கேமராவையும் வளை வாயை நோக்கி வைக்காமல் சில மீட்டர் தள்ளி, வரும் வழியில் வையுங்கள்.

இடத்தை ஃபேஸ்புக்கிலோ வாட்ஸ்அப் குழுவிலோ போடவே போடாதீர்கள். குட்டி பிடிக்கிறவர்களும் அதே குழுக்களில் இருக்கிறார்கள். படத்தில் பின்னணியாகத் தெரியும் பாலமோ கோயில் கோபுரமோ போதும், இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். வளையின் இடக்குறிப்பு பெர்ஹிலித்தானுக்கும், திட்டத்தில் அதைத் தெரிந்தே ஆக வேண்டிய ஓரிருவருக்கும் மட்டும்.

படி 6: ஒரு வரைபடம், ஒரு அட்டவணை, ஒரு கடிதம்

நீளமான அறிக்கையை யாரும் படிப்பதில்லை. ஒரு பக்கத்தில் வரைபடம்: எச்சத் திட்டு பச்சை, புரளும் இடம் மஞ்சள், வளை இருக்கும் பகுதி சிவப்பு. சிவப்பைப் புள்ளியாகப் போடாமல் அகலமான வட்டமாகப் போடுங்கள். அறிக்கை பல கை மாறும். அடுத்த பக்கத்தில் அட்டவணை: எண், தேதி, நேரம், இடக்குறிப்பு (வளைக்கு மட்டும் வேண்டாம்), தடய வகை, புதியதா பழையதா, நீர்மட்டம், பார்த்தவர், பட எண். தடயம் கிடைக்காத துண்டுகளையும் எழுதுங்கள். அதை எழுதியிருப்பதால்தான் மற்றதை நம்புவார்கள்.

கடிதம் மலாயில் இருக்கட்டும். பெர்ஹிலித்தான், நீர்ப்பாசன வடிகால் துறையான ஜேபிஎஸ், ஊராட்சி மன்றம், நில அலுவலகம், மேம்பாட்டாளரின் சுற்றுச்சூழல் ஆலோசகர் ஆகியோருக்கு ஒரே நாளில் கொடுங்கள். சிலாங்கூரென்றால் லுவாஸ் எனப்படும் மாநில நீர் நிர்வாக வாரியத்துக்கும் ஒரு பிரதி. சிலாங்கூர் ஆற்றின் மின்மினிக் கரையோரத்தைக் காக்க அந்த வாரியம் பாதுகாப்பு வட்டாரம் அறிவித்திருக்கிறது. அந்த ஆற்றுக்கே ஓடும் பாரிட்டைப் பற்றி அவர்களிடம் பேசுவது நியாயமான பேச்சு. ஒவ்வொரு பிரதியிலும் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கி, அதைப் பத்திரமாக வையுங்கள். 'ரெக்கார்டு இருக்கா' என்ற கேள்விக்கு அந்த முத்திரைதான் பதில்.

படி 7: திட்ட வரைபடத்தில் என்ன கேட்பது

"நீர்நாயைக் காப்பாற்றுங்கள்" என்று கேட்டால் தலையாட்டிவிட்டுப் போவார்கள். மீட்டரில் கேளுங்கள்.

ஜேபிஎஸ் வழிகாட்டியில் ஆற்று ஒதுக்கு நிலத்துக்கு அளவு உண்டு. ஆற்றின் அகலம் 40 மீட்டருக்கு மேல் என்றால் கரைக்கு 50 மீட்டர். 20 முதல் 40 வரை என்றால் 40 மீட்டர். 10 முதல் 20 வரை 20 மீட்டர். 5 முதல் 10 வரை 10 மீட்டர். 5-க்குக் கீழே 5 மீட்டர். இது ஒவ்வொரு பக்கத்துக்கும். இங்கே ஒரு ஓட்டை இருக்கிறது. தோட்டத்துக்குள் வெட்டிய பாரிட் ஆறாகக் கணக்கில் வராமல் போகும். திட்டத்தில் அது சிமெண்டு வடிகாலாக மாறிவிடும். உங்கள் வரைபடத்தில் எச்சத் திட்டு அந்தப் பாரிட் ஓரமாக வரிசையாக இருந்தால், அதையும் ஆற்றைப் போலவே நடத்தும்படி கேட்க வலுவான காரணம் கையில் இருக்கிறது.

சிமெண்டுச் சுவர் நேராக நின்றால் குட்டி ஏற முடியாது. ஏதாவது ஒரு கரையையாவது மண்ணும் புல்லுமாகச் சரிவாக விடச் சொல்லுங்கள். வெள்ளநீர் தேங்கும் குளம் எப்படியும் கட்டுவார்கள். அதன் ஒரு பக்கம் ஆள் நடமாட்டம் இல்லாமல் நாணலும் புதருமாக இருக்கட்டும், சிறிது மணல் திட்டும் இருக்கட்டும். சாலைக்கு அடியில் போகும் பெட்டிப் பாலத்தில் வெள்ள மட்டத்துக்கு மேலே ஒரு திண்டு வேண்டும். தண்ணீர் வேகமாக ஓடும் நாளில் நீர்நாய் உள்ளே நீந்தாது; மேலே ஏறிச் சாலையைக் கடக்கும்; அடிபடும். தெருவிளக்கு தண்ணீர் மேல் விழாதபடி மூடி போட்டிருக்க வேண்டும்.

இதெல்லாம் நடக்குமா என்று கேட்கிறவர்களுக்கு நான் சிங்கப்பூரைக் காட்டுவேன். அங்கே நீர்நாய் காணாமலே போயிருந்தது. 1998-இல் சுங்கை பூலோவில் ஆற்று நீர்நாய்கள் மறுபடி தென்பட்டன. பீஷான் பூங்காவில் 2.7 கிலோமீட்டர் நேர்கோட்டுச் சிமெண்டுக் கால்வாயை 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக மாற்றி 2012-இல் திறந்தார்கள். பிறகு அங்கே ஒரு நீர்நாய்க் குடும்பமே குடியேறியது. அடுக்குமாடிக்கு நடுவில் முடிந்தது, செம்பனைக்கு நடுவில் முடியாதா?

படி 8: வேலை நடக்கும் நாட்கள்

ஒப்புதல் தாளில் நல்ல வார்த்தை எவ்வளவு இருந்தாலும் நீர்நாய் பிழைப்பதும் சாவதும் எக்ஸ்கவேட்டர் ஓட்டுகிறவரின் கையில். அவரோடு பேசுங்கள்.

கரையைத் தொடும் நாளுக்கு முந்தின நாளும் அன்று காலையும் பழக்கப்பட்ட ஒருவர் முழுக் கரையையும் நடந்து பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் பழைய அறிக்கை போதாது. புதரை அழிக்கும்போது சாலைப் பக்கத்திலிருந்து ஆரம்பித்துத் தண்ணீரை நோக்கி, மெதுவாக, ஒரே திசையில் போக வேண்டும். இரண்டு பக்கமும் இயந்திரம் வந்தால் விலங்கு நடுவில் மாட்டும். முழுப் பாரிட்டையும் ஒரே நேரத்தில் தொடாமல், ஒரு துண்டு முடிந்து புல் பிடித்த பிறகு அடுத்தது.

வளை இருக்குமிடத்தைச் சுற்றி எவ்வளவு தூரம் விலகுவது? ஸ்காட்லாந்தின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு தன் நாட்டு நீர்நாய்க்கு, தங்கும் இடத்திலிருந்து 30 மீட்டர், குட்டி போட்ட வளையிலிருந்து 200 மீட்டர் என்று வைத்திருக்கிறது. நாடும் இனமும் வேறு. ஆனாலும் பேச்சைத் தொடங்க இந்த எண்கள் உதவும். ஆற்று நீர்நாய்க்குக் கர்ப்பகாலம் சுமார் இரண்டு மாதம். குட்டி நீந்தப் பழகவும் ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். குட்டி இருக்கிறதென்று தெரிந்தால் அந்தத் துண்டு வேலையைத் தள்ளிவைப்பதுதான் வழி. வேறு துண்டில் வேலை செய்யலாம், திட்டம் நின்றுபோகாது. பிடித்து வேறு இடத்தில் விடுவது தீர்வே இல்லை. அந்த வேறு இடத்தில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கும். அப்படிப்பட்ட முடிவை எடுக்க பெர்ஹிலித்தானைத் தவிர யாருக்கும் உரிமையும் இல்லை.

மாலையில் வேலை முடியும்போது பார்க்க வேண்டியவை சில. திறந்து கிடக்கும் பள்ளத்தில் ஏறிவர ஒரு சாய்வுப் பலகை வேண்டும். குழாய் வாய்களை மூட வேண்டும். விடியலிலும் அந்தியிலும் தண்ணீர் ஓரம் இயந்திரமும் வெளிச்சமும் வேண்டாம். அதுதான் நீர்நாய் மேயும் நேரம். மண்ணரிப்புத் தடுப்புத் திட்டப்படி வண்டல் குட்டையும் வண்டல் தடுப்பு வேலியும் முதலில் வர வேண்டும், மண் வெட்டுவது பிறகு. சேற்றுத் தண்ணீரில் மீன் நிற்காது, மீன் இல்லையென்றால் மற்ற ஏற்பாடெல்லாம் வீண். எலி மருந்தைக் கரையோரம் வைக்கக் கூடாது. தோட்டங்களில் எலிக்குக் கூகைக் கூடு கட்டிப் பழகியவர்கள் நாம், அதையே தொடரலாம்.

தொழிலாளர் தங்கும் கொட்டகையான கொங்சியில் நாய் வளர்ப்பார்கள், வலை போடுவார்கள். நரம்பு வலையிலும் கூண்டுப் பொறியிலும் மாட்டிய நீர்நாய் மூச்சடைத்துச் சாகும். மிரட்டாமல், அவரவர் மொழியில் படத்தோடு சொல்லுங்கள். வேலையை உடனே நிறுத்தச் சொல்லும் அதிகாரம் ஒருவருக்கு இருக்க வேண்டும். அவர் பெயரும் எண்ணும் தள அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும்.

படி 9: ஆட்கள் குடிவந்த பிறகு

தாமான் வந்ததும் புதுப் பிரச்சினை வரும். கோய் மீன் போனது, குளத்துத் தீலாப்பியா போனது என்று ஒருவர் கோபமாக வருவார். அவருடைய நஷ்டம் உண்மையான நஷ்டம். அதைச் சிறுமைப்படுத்திப் பேசாதீர்கள். குளத்தைச் சுற்றி அடிப்பாகம் மண்ணில் புதைந்த கம்பி வலை, சிறு குளத்துக்கு மேல்மூடி, இரவில் மூடும் கதவு ஆகியவற்றைக் கட்ட நீங்களே கூட நில்லுங்கள். நாம் யாருக்கு வேலி கட்டித் தந்தோமோ அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் விஷம் வைக்க மாட்டார். நாயை அவிழ்த்துவிடாமல் இருப்பதும், தீனி போடாமல் இருப்பதும் குடியிருப்பாளர் சங்கத்தின் முதல் கூட்டத்திலேயே பேச வேண்டியவை.

அதே 600 மீட்டர் துண்டுகளை, அதே ஆட்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை குறைந்தது இரண்டு வருடம் நடங்கள். ஒப்புதலில் சொன்ன திண்டும் சரிவும் கட்டப்பட்டனவா, அவை பயன்படுகின்றனவா என்று அப்போதுதான் தெரியும்.

தனியாகக் கத்தும் குட்டியைப் பார்த்தால் தூக்காதீர்கள். தாய் அருகில் இருக்கலாம். நாயையும் கூட்டத்தையும் விலக்கிவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். காயம் இருந்தாலோ தாய் வரவே இல்லை என்றாலோ பெர்ஹிலித்தானை அழையுங்கள். அவர்கள் வரும்வரை துணி விரித்த, காற்றுத் துளையுள்ள பெட்டியில், இருட்டான அமைதியான இடத்தில் வையுங்கள். பசும்பால் கொடுக்காதீர்கள், குளிப்பாட்டாதீர்கள், படமெடுத்துப் போடாதீர்கள். பார்த்த இடத்தையும் நேரத்தையும் உடனே நோட்டில் எழுதுங்கள். திரும்ப விடும்போது அந்த இடம் தெரிந்தாக வேண்டும்.